கப்ளர் பின்னும் என் அவசரப் புத்தியும்

"வா வெளியே. வர்றியா, இல்ல உன் வம்சத்தையே இழுக்கட்டுமா?"

செவிலிமேடு ரோட்டில் இருக்கும் என் ஒயரிங் கடையில், ஒரு பழைய வேனின் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு, விரல் நகத்தில் பாதி அளவுகூட இல்லாத ஒரு பித்தளைப் பின்னை நான் இப்படித் திட்டிக்கொண்டிருந்தேன். மத்தியானம் மூன்று மணி வெயில். தகரக் கூரை அனலைக் கொட்டிக்கொண்டிருந்தது. வியர்வை புருவத்தைத் தாண்டிக் கண்ணுக்குள் இறங்கியது. மூக்குக் கண்ணாடி நழுவி ரேடியேட்டர் மேல் விழப் பார்த்தது. பின் மட்டும் அசையவில்லை.

வேனைக் கொண்டுவந்த புது டிரைவர் கதவில் சாய்ந்தபடி செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: "இன்னா சார், ஒரு பின்னுகூட மல்லுக்கட்டிக்கினு இருக்குறீங்க? கப்ளரை வெட்டிப் போட்டுட்டு ரெண்டு ஒயரையும் முறுக்கி டேப்பு சுத்தி வுடுங்க. போய்க்கினே இருக்கலாம்."

"உனக்கு வயித்து வலி வந்தா குடலை வெட்டி முறுக்கி டேப்பு சுத்தி வுடலாமாய்யா? போய்க்கினே இருப்பியா?" என்றேன். மனிதர் செல்போனைப் பையில் போட்டுக்கொண்டு டீக்கடைப் பக்கம் போய்விட்டார்.

இந்தத் தொடரைப் படித்துவருகிறவர்களுக்கு என் கோபம் புதிதில்லை. பேட்டரிக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றுகிறவர்களைப் பற்றிப் போன வாரம் எழுதியதற்கு இரண்டு பேர் கடைக்கே வந்து முறைத்துவிட்டுப் போனார்கள். இந்த வாரக் கதை வேறு. அந்த ஒரு பின் காரணமாக ஏழுமலை என்கிற டிரைவருக்கு மூன்று மாதமாக இந்த ஊரில் யாரும் வண்டிச் சாவி கொடுக்கவில்லை. அதற்காக நியாயமாக உதை வாங்க வேண்டிய ஆள் நான்தான். இருந்தாலும் என் வழக்கப்படி முதலில் மற்றவர்களைத் திட்டிவிட்டு என்னிடம் வருகிறேன்.

முதலில் தள்ளு, அப்புறம் இழு

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காருக்குள் ஓடுகிற ஒயர்கள் ஒன்றோடொன்று சேருகிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் கூடு இருக்கும். அதைத்தான் கப்ளர் என்போம். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இரண்டையும் சேர்த்து அழுத்தினால் டக்கென்று உட்காரும். உள்ளே ஒவ்வொரு ஒயரின் நுனியிலும் ஒரு பித்தளைப் பின். பின்னின் முதுகில் நொய்யரிசி அளவு ஒரு நாக்கு. பின்னைக் கூட்டுக்குள் தள்ளும்போது நாக்கு மடங்கிப் போய், உள்ளே இருக்கும் பள்ளத்தில் நிமிர்ந்துகொள்ளும். அதற்குப் பிறகு யார் இழுத்தாலும் வராது. வரக் கூடாது என்றுதான் அதைச் செய்தவன் செய்திருக்கிறான்.

வண்டிக்கு வயதானால் பின்னில் பச்சையாகக் களிம்பு பிடிக்கும். தானாகப் பிடிப்பதைவிட நம் ஆட்கள் பிடிக்க வைப்பதுதான் அதிகம். என்ஜின் மேலேயே பிரஷர் தண்ணீரைப் பீய்ச்சுகிறார்கள். ஆயுத பூஜை வந்தால் பானெட்டைத் திறந்து வைத்து மஞ்சள் தண்ணீர் தெளிக்கிறார்கள். ஒருமுறை ஃபியூஸ் பெட்டிக்குள் சந்தனம் குங்குமம் அப்பிக்கொண்டு ஒரு கார் வந்தது. "சாமிக்குப் பண்ணதுண்ணா, ஒண்ணும் ஆவாது" என்றார் கார்க்காரர். சாமிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஹார்ன்தான் மூன்று நாள் ஓயாமல் அடித்தது.

இப்படிப் பிடித்துப் போன பின்னை எடுக்க ஒரு முறை இருக்கிறது. கப்ளரின் வாயில் கலர் பிளாஸ்டிக்கில் ஓர் ஆப்பு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இருந்தால் அதை நகர்த்த வேண்டும். பாதிப் பேர் அதைக் கவனிக்காமலே இழுத்துக் கூட்டை உடைக்கிறார்கள். பிறகு களிம்பை இளக்குகிற ஸ்பிரே இரண்டு சொட்டு. விட்டுவிட்டு ஒரு டீ குடிக்க வேண்டும். டீ குடிப்பதும் வேலையில் சேர்த்திதான், சிரிக்காதீர்கள். பழைய பிளாஸ்டிக் வறண்டு அப்பளமாக இருக்கும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அதன்மேல் சுற்றி வைத்தால் கொஞ்சம் இளகிக் கொடுக்கும்.

இதற்குப் பிறகும் இழுக்கக் கூடாது. ஒயரைப் பிடித்து முன்னால் தள்ள வேண்டும். தள்ளினால் நாக்கின் மேல் இருக்கிற பாரம் விலகும். அந்த நேரம் பார்த்து முன் ஓட்டை வழியாக மெல்லிய தகட்டை விட்டு நாக்கை அமுக்க வேண்டும். என்னிடம் இருப்பது குடைக்கம்பியை உரசித் தட்டையாக்கி நானே செய்தது. நாக்கு அமுங்கினால் பின் கையோடு வந்துவிடும். முதலில் தள்ளு, அப்புறம் இழு. இவ்வளவுதான் வித்தை. இதற்குத் தேவை பத்து நிமிடப் பொறுமை. அந்தப் பத்து நிமிடம் ஒருத்தனிடமும் இல்லை.

வெட்டி முறுக்கி டேப் சுற்றினால் அன்றைக்கு விளக்கு எரியும், நானும் ஒத்துக்கொள்கிறேன். நாலு மழைக்குப் பிறகு டேப்புக்குள் ஈரம் இறங்கும், மறுபடியும் நிற்கும், மறுபடியும் வெட்டுவார்கள். எனக்கு அதைவிட எரிச்சல் எதில் என்றால், வெட்டித் தூக்கிப் போட்ட பிறகு தப்பு எங்கே நடந்தது, எப்படி நடந்தது என்று யாருக்கும் தெரியவே தெரியாது. தெரியாத இடத்தில் ஆளாளுக்கு ஒருவனைக் கைகாட்டுவார்கள்.

நானும் கைகாட்டினேன்.

கூரைப் புடவை போன நாள்

அந்த வேன் சபாபதி முதலாளியுடையது. பட்டுக்கடைக்காரர். சும்மா கல்லாவில் உட்கார்ந்த ஆள் இல்லை, இருபத்தைந்து வருடம் தறிக்குழியில் கால் வைத்து நெய்து மேலே வந்தவர். கடையில் பல்பு மாற்றுவது முதல் வண்டிக்குக் காற்று பிடிப்பது வரை எதையும் தானே செய்து பார்ப்பார். ஏழுமலை அவரிடம் ஆறு வருடமாக வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். தென்னேரிக்காரன். விவசாயக் குடும்பம். ஏரி மதகு வாயில் நிலம், அண்ணன் தம்பி மூன்று பேருக்குப் பங்கு போய் இவனுக்கு மிஞ்சியது ஒரு துண்டு. அதனால் ஸ்டியரிங் பிடிக்க வந்தவன். அதிர்ந்து பேச மாட்டான். வண்டியில் ஒரு சின்ன ஸ்பீக்கர் வைத்துக்கொண்டு பாட்டு கேட்பான். அவனுக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் அதுதான்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு முகூர்த்த நாள். வாலாஜாபாத்தைத் தாண்டி ஒரு கிராமத்தில் கல்யாணம். கூரைப் புடவை சபாபதி கடையில் சொல்லி வைத்து நெய்தது. தறியை விட்டு இறங்கவே முதல் நாள் பொழுது சாய்ந்துவிட்டது. விடியற்காலையில் ஏழுமலை புடவைப் பெட்டியோடு கிளம்பினான். பாதி வழியில் வண்டி நின்றுபோனது. என்ஜினுக்குப் பெட்ரோல் ஏற்றுகிற பம்பின் ஃபியூஸ் எரிந்துவிட்டது. மாற்றுகிறான், அதுவும் எரிகிறது. கடைசியில் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடியிருக்கிறான். யாரோ பால்காரர் பாவம் பார்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ப்பதற்குள் கெட்டிமேளமே கொட்டி முடித்துவிட்டார்கள். பெண் அம்மாவுடைய பழைய புடவையில் தாலி கட்டிக்கொண்டாள்.

காஞ்சிபுரத்துக் கடைக்காரருக்கு இதைவிட ஒரு அவமானம் இல்லை. பெண்ணின் தாய்மாமன் போனில் கத்தியது எதிர்க் கடைக்கே கேட்டதாம்.

அன்று பத்து மணிக்கு வேனைக் கட்டி இழுத்து என் கடைக்குக் கொண்டுவந்தார்கள். முதலாளி கூடவே வந்தார். ஏழுமலை வியர்வையில் நனைந்த சட்டையோடு ஓரமாக நின்றான். எனக்கு அன்றைக்கு நாலு வண்டி வேலை. டார்ச் அடித்துப் பார்த்தேன். கப்ளரின் மூடி உடைந்திருந்தது. ஒயர் மேல் நகக்கீறல் மாதிரி தடம். பின்னை எடுத்துப் பார்க்கலாம் என்று ஒரு தடவை இழுத்தேன். வரவில்லை. சரி, கிடக்கட்டும் என்று ஸ்பிரே அடித்து, கப்ளரை அழுத்திச் சேர்த்து ஒரு கட்டு போட்டேன். புது ஃபியூஸ் போட்டதும் வண்டி எடுத்துக்கொண்டது.

"இன்னாப்பா ஆச்சு? யாரு பண்ண வேலை இது?" என்றார் முதலாளி.

நான் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னேன்: "யாரோ நல்லா கை வெச்சிருக்காங்க முதலாளி. ஒயரை நோண்டியிருக்குது. டிரைவரைத் தவிர பானெட்டை யாரு தொறக்கப் போறாங்க? பாட்டுப் பொட்டிக்குக் கரண்டு எடுத்திருப்பான்."

இவ்வளவுதான் சொன்னேன். சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டேன். பின்னால் ஏழுமலை, "சத்தியமா நான் தொடலண்ணா" என்றது காதில் விழுந்தது. எல்லாரும் அப்படித்தானே சொல்வார்கள் என்று திரும்பிப் பார்க்கவில்லை.

மதியத்துக்குள் முதலாளி அவனிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார்.

ஒயர் நோண்டி

நம்ம ஊரில் ஒரு சொல் கிடைத்தால் போதும், அதற்குக் கால் முளைத்துவிடும். வேன் ஸ்டாண்டில் அவனுக்கு "ஒயர் நோண்டி" என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஏழுமலை ஆக்டிங் டிரைவராக, அதாவது யாருக்காவது ஒரு நாள் ஆள் வேண்டுமென்றால் ஓட்டிக் கொடுக்கலாம் என்று, தினமும் காலையில் தென்னேரியிலிருந்து பஸ் பிடித்து ஸ்டாண்டுக்கு வருவான். சாயங்காலம் வரை வேப்பமரத்தடியில் நிற்பான். ஆக்டிங் கேட்டு வருகிறவர்கள் அவன் பெயரைக் கேட்டதும், "அந்தாளா? வேணாம்பா, பாட்டு செட்டு மாட்டுறேன்னு ஒயரைக் கிழிச்சு வெப்பான்" என்று வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டு போவார்கள்.

எனக்கு இதெல்லாம் தெரியும். அந்த ஸ்டாண்டைத் தாண்டித்தான் நான் தினமும் கடைக்கு வருகிறேன். அவனைப் பார்ப்பேன். அவன் என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொள்வான். பார்த்தாயா, குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று நினைத்துக்கொண்டு வண்டியை முறுக்குவேன். இதை எழுதும்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

ஒரு விஷயம் எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஏழுமலை போன பிறகும் வேன் நின்றது. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. டிரைவர் மாறினான், ஒயர் மாறவில்லை. முதல் இரண்டு தடவையும் ஃபியூஸை மட்டும் மாற்றி ஓட்டிவிட்டார்கள். மூன்றாவது தடவை புது டிரைவர் என்னிடம் கொண்டுவந்த நாள்தான், நான் பின்னோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அந்த மத்தியானம்.

எது ஆடினாலும் ஒரு சுற்று

ஆப்பை நகர்த்தியாகிவிட்டது. ஸ்பிரே, டீ, வெந்நீர்த் துணி, எல்லாம் ஆகிவிட்டது. தள்ளினேன். தள்ள முடியவில்லை. இதுதான் எனக்குப் புரியவே இல்லை. களிம்பு பிடித்த பின் வெளியே வராமல் அடம் பிடிக்கும், ஆனால் ஒரு மயிரிழையாவது உள்ளே போகும். இது இரண்டு பக்கமும் அசையவில்லை. உள்ளே யாரோ எதையோ வைத்து அடைத்திருக்கிறார்கள்.

அந்த நேரத்தில் என் மனைவி சரோஜா சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். அவளுக்குப் பாவு பிணைக்கிற வேலை. தறியில் நீளவாக்கில் ஓடுகிற பழைய பாவு முடிந்ததும் புதுப் பாவின் இழையை அதோடு ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு நாளெல்லாம் ஆயிரக்கணக்கான இழைகளை முறுக்கிச் சேர்க்கிறவள். என்னைப் போலக் கத்தமாட்டாள். இழை அறுந்துவிடும் அல்லவா.

"மூணு மணிக்குமேல ஆவுது, சோறு வாணாமா? அதைப் போட்டு ஏன் திட்டிக்கினு இருக்கீங்க? அதுக்குக் காது இருக்குதா?" என்று பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாள்.

"உள்ள என்னமோ அடைச்சிருக்குது சரோஜா. தகடு போக மாட்டேங்குது."

அவள் தன் சுருக்குப் பையிலிருந்து ஒரு சின்னக் கொக்கி ஊசியை எடுத்தாள். கப்ளரின் பின்பக்கம், ஒயர் நுழைகிற ஓட்டையில் விட்டுக் கிளறாமல், சும்மா தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஏதோ மாட்டியது. மெதுவாக ஒரு சுற்று சுற்றினாள். கருகிப் போன நூல் ஒன்று வந்தது. வந்துகொண்டே இருந்தது. ஒரு முழம் இருக்கும். முடிந்ததும் நான் தள்ளினேன், பின் நகர்ந்தது. நாக்கை அமுக்கினேன். இழுத்தேன். கையோடு வந்துவிட்டது.

பின்னின் கழுத்தில் இன்னும் மூன்று சுற்று நூல் இருந்தது. கருகாத இடம் பளபளத்தது. சரோஜா அதை நகத்தால் சுரண்டினாள். உள்ளே சிவப்புப் பட்டு தெரிந்தது.

"சுத்த ஜரிங்க இது. டூப்ளிகேட் இல்ல. டூப்ளிகேட்டா இருந்தா வெள்ளை நூல் தெரியும்" என்றாள். பிறகு சுற்றைத் திருப்பிப் பார்த்தாள். "இடப்பக்கம் மூணு சுத்து, நுனியை உள்ளார வுட்டு இறுக்கியிருக்குது. இது தறிக்காரன் சுத்து. தென்னேரியில ஏர் ஓட்டுற ஊட்டுப் புள்ளைக்கு இது எங்கேருந்து தெரியும்?"

எனக்குத் தலை சுற்றியது. பசியில் இல்லை.

நெசவாளர் வீட்டில் பிறந்தவர்களுக்கு இது புரியும். தறி வீட்டில் எது ஆடினாலும் ஒரு சுற்று நூல் சுற்றி இறுக்குவது வழக்கம். தாழ்ப்பாள் ஆணி ஆடுகிறதா, ஒரு சுற்று. மூக்குக் கண்ணாடிக் கால் கழன்றதா, ஒரு சுற்று. எங்கள் அப்பாவின் கண்ணாடியில் கம்பியைவிட நூல்தான் அதிகம் இருந்தது. கத்தரிக்கோல், குடைப்பிடி, சைக்கிள் பெடல் எல்லாவற்றுக்கும் அதே வைத்தியம். நானே சின்ன வயதில் ரேடியோ ஆண்டெனாவுக்குச் சுற்றி அடி வாங்கியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் ஒருவன் கப்ளரில் ஆடிய பின்னுக்கும் ஒரு சுற்று சுற்றி உள்ளே திணித்திருக்கிறான். ஜரி என்பது வெள்ளிக் கம்பி சுற்றிய பட்டு. கரண்டு பாய்ந்து சூடானதும் பட்டு கருகியிருக்கிறது. தளர்ந்த வெள்ளி இழை பக்கத்து ஒயரைத் தொட்டிருக்கிறது. வண்டி குலுங்கும்போதெல்லாம் ஃபியூஸ் போயிருக்கிறது.

சபாபதியின் குடோனைத் தவிர வேறெங்கே சுத்த ஜரி கேட்பாரற்றுக் கிடக்கும்?

மூன்று மாதத்துக்கு முன்பே நான் பத்து நிமிடம் பொறுத்து இந்தப் பின்னை எடுத்திருந்தால் அன்றைக்கே இது தெரிந்திருக்கும். ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற நான் இழுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். வெட்டி முறுக்குகிறவன்கூட ஒயரைத்தான் வெட்டுகிறான்.

"சாப்பிட்டுப் போங்க" என்றாள் சரோஜா. சாப்பிடவில்லை. பின்னைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்தேன்.

"வெள்ளிப்பா!"

கடையில் கூட்டம். வெளியூர்க் கல்யாணப் பார்ட்டி ஒன்று மெத்தையில் உட்கார்ந்திருந்தது. அவர்கள் முன்னால் இருபது முப்பது புடவைகள் விரிந்து கிடந்தன. என் கையெல்லாம் கிரீஸ். கடைப்பையன்கள் "அண்ணே, அண்ணே, புடவை மேல பட்டுறப் போவுது" என்று பதறினார்கள். நான் நேரே போய்ப் பின்னை முதலாளி முன்னால் இருந்த பில் புத்தகத்தின் மேல் வைத்தேன்.

"இது யாரு சுத்துனது?"

சபாபதி கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். முகம் மலர்ந்தது.

"நம்ம ஜரி! நான்தாம்பா சுத்தினேன். போன பொங்கலுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை ஹார்னு சரியா அடிக்கலன்னு தொறந்து பார்த்தேன். ஒரு பின்னு ஆடிக்கினு இருந்துச்சு. சாதா நூலு எதுக்குன்னு சுத்த ஜரியிலயே சுத்துனேன். வெள்ளிப்பா! உன் செம்பு ஒயரைவிடக் கரண்டு நல்லா பாயும், தெரியுமா உனக்கு?"

"அதான் முதலாளி உங்க ஃபியூஸைக் கொளுத்துச்சு. அதான் அன்னிக்குக் கூரைப் புடவையை நடுரோட்டுல நிறுத்துச்சு. ஏழுமலை தொடவே இல்ல."

வெட்கப்படுவார் என்று நினைத்தேன். அவர், "அட ஆமாம்பா, எனக்கு மறந்தே பூடுச்சு" என்றார், வெற்றிலைப் பெட்டியை எங்கோ வைத்துவிட்டவர் மாதிரி.

"மறந்து பூடுச்சா? ஆறு வருசம் உங்க ஊட்டு உப்பைத் தின்னவனை ஒரே நாள்ல துரத்திட்டு, மறந்து பூடுச்சா? அவன் பொட்டியைத் தோள்ல வெச்சிக்கினு ஓடினான், உங்க மானத்துக்காக ஓடினான்! மூணு மாசமா மரத்தடியில நிக்கிறான்யா மனுசன்!"

என் சத்தத்தில் கல்யாணப் பார்ட்டி மொத்தமும் திரும்பியது. ஒரு அம்மாள் எடுத்த புடவையைக் கீழே வைத்துவிட்டார். சபாபதி குரலை உயர்த்தவே இல்லை.

"நான் எங்கப்பா துரத்துனேன்? உன்னைத்தானே கேட்டேன். யாரு பண்ண வேலைன்னு கேட்டேனா இல்லையா? நீ இன்னா சொன்ன? டிரைவர்தான் கை வெச்சான்னு சொன்ன. ஊருலயே பெரிய ஒயரிங்காரன் சொல்றான், நான் நம்பாம இன்னா பண்றது? அந்தப் பையன் என் கால்ல வுழுந்தான், தெரியுமா? தணிகாசலம் சொன்னா தப்பா இருக்காதுடான்னு சொன்னேன்." பிறகு உள்ளே பார்த்து, "தம்பி, அண்ணனுக்கு ஒரு மோர் கொண்டா" என்றார்.

மோர் வந்தது. குடிக்கவில்லை. அவர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமும் குறையவில்லை, இன்றைக்கும் குறையவில்லை. ஒரு வார்த்தை, தப்பு பண்ணிட்டேன் என்று அந்த வாயிலிருந்து வரவில்லை. ஆனால் அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. அவர் பின்னைத்தான் சுற்றினார். ஆளைச் சிக்க வைத்தது நான்.

"அவனை வேணும்னா நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லு" என்றார். வாசலில் வந்து நான் பைக்கை உதைத்தபோது கல்யாணப் பார்ட்டிக்குப் புடவையை உதறி விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

வேப்பமரத்தடி

ஸ்டாண்டில் அப்போது ஏழெட்டு டிரைவர்கள் இருந்தார்கள். இரண்டு பேர் வேன் படியில் உட்கார்ந்து ஆடுபுலி ஆடினார்கள். ஏழுமலை மரத்தடியில் நின்றுகொண்டிருந்தான். கையில் அந்தச் சின்ன ஸ்பீக்கர், பாட்டு இல்லாமல். என்னைப் பார்த்ததும் வழக்கம்போலத் தலை குனிந்தான்.

வழி நெடுக என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாமா என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். அந்த நினைப்பு வந்ததற்காக என்னையே காறித் துப்பினேன். நாலு பேர் முன்னால் சொன்ன பழியை நாலு பேர் முன்னால்தான் எடுக்க வேண்டும்.

பைக்கை நிறுத்தினேன். பின்னைத் தூக்கிப் பிடித்தேன்.

"எல்லாரும் கேட்டுக்குங்கப்பா. சபாபதி வண்டியில ஒயரை நோண்டினது ஏழுமலை இல்ல. முதலாளிதான் ஜரியைச் சுத்தி வெச்சிருக்காரு. அவரே ஒத்துக்கினாரு. நான் அன்னிக்குப் பின்னை எடுத்துப் பாக்காம, வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். தப்பு என்னுது. இவன் மேல ஒரு தப்பும் இல்ல."

ஆட்டம் நின்றது. பிறகு படியில் இருந்தவர்களில் ஒருவன், "அப்ப இனிமே முதலாளியைத்தான் ஜரி நோண்டின்னு கூப்புடணும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். ஒருவன் வந்து ஏழுமலையின் முதுகில் தட்டினான். மூன்று மாதம் அவனை ஒயர் நோண்டி என்று சுட்டிக்காட்டிய அதே கை.

ஏழுமலை சிரிக்கவில்லை. ஸ்பீக்கரை என் முன்னால் நீட்டினான்.

"இது ஊட்டுல சார்ஜ் போட்டு எடுத்துக்கினு வர்றதுண்ணா. இதுக்கு ஒயரே கிடையாது. அன்னிக்கு இதைக் கையில எடுத்துப் பாத்திருந்தா உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்."

"முதலாளி உன்னை வரச் சொன்னாருப்பா. நாளைக்கே" என்றேன்.

"அந்த வண்டில நான் ஏற மாட்டேன்."

"சரி, வேற எடம் நானே பாக்குறேன். என்னாண்ட வர்ற வண்டிக்காரங்ககிட்டெல்லாம் சொல்றேன்."

"சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க. அது எனக்குத் தெரியுமே" என்றான். அதற்கப்புறம் அவன் குரல் உயர்ந்தது. ஏழுமலை கத்தி நான் கேட்டதே இல்லை. அன்றைக்குக் கேட்டேன்.

"மூணு மாசம் நீங்க இந்தப் பக்கமா போவும்போதெல்லாம் எனக்குத்தாண்ணா தலை குனிஞ்சிது. நான் பண்ணலன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் குனிஞ்சிது. நீங்க நிமிந்துக்கினு போனீங்க, நான் குனிஞ்சிக்கினு நின்னேன். இது இன்னா கணக்கு? ஊட்டுல என் பொண்டாட்டியே ஒரு நாள் கேட்டா, 'நெசமாவே நீ தொடலையா'ன்னு. அதுக்கு இன்னா சொல்றீங்க?"

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

"மன்னிச்சிடு ஏழுமலை" என்றேன். என் வயதில், எனக்கிருக்கிற கோபத்துக்கு, அந்தச் சொல்லை நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

நம்மவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பெரியவன் ஒருவன் மன்னிப்பு என்று கேட்டுவிட்டால், கேட்ட வேகத்தில் "ஐயோ வுடுங்கண்ணா, பரவால்லண்ணா" என்று சொல்லிவிடுவார்கள். பட்டவன்தான் அடித்தவனைத் தேற்றுவான். நானும் அதற்காகத்தான் காத்துக்கொண்டு நின்றேன், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஏழுமலை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பரவாயில்லை என்று அவன் சொல்லவில்லை. தென்னேரி பஸ் வந்து நின்றது, ஏறிப் போய்விட்டான்.

அவன் சொல்லாததுதான் சரி.